மயிற்பொறியும் மரப்பறவையும்

தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் வானூர்தி செய்தார் என்று கூறின், கேட்போர் நகைப்பர். யாப்பும் அணியும் பயின்றவர்க்கு இறக்கையும் வாலும் எதற்கு என வினவுவர். அவ்வினா எமக்கே எழுந்ததுண்டு. ஆயினும், பட்டாபிராமில் உள்ள எம் இல்லத்தின் முன்னறையில், ஏறத்தாழ எழுபது நாள்கள் பால்சா என்னும் மென்மரத் துண்டுகளை அறுத்தும் தேய்த்தும் ஒட்டியும் ஒரு சிறு வானூர்தியை யாம் செய்தோம் என்பது உண்மை. 'யாம்' என்னும் சொல் இக்கட்டுரையில் சில இடங்களில் எம் ஒருவரைக் குறிக்கும். சில இடங்களில் எம் தந்தையார், எம் மகள் உள்ளிட்ட மூவரையும் குறிக்கும். இடம் நோக்கிப் பொருள் கொள்க. தவறு நேர்ந்த இடங்களில் எல்லாம் ஒருவரே எனக் கொள்ளுதல் பொருந்தும்.

நம் துறையின் மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர் கேட்டபோது, இலக்கியக் கட்டுரை ஒன்றையே எழுத எண்ணினோம். எண்ணிப் பார்க்கையில், கடந்த சில ஆண்டுகளில் யாம் உண்மையாகக் கற்ற இலக்கியப் பாடம் அம்முன்னறையில் மரத்தூளுக்கு இடையே கற்றதுதான் என்பது தெளிவாயிற்று. ஆகவே அதனையே எழுதுகின்றோம்.

வகுப்பறையில் விடுபட்ட ஒரு வினா

சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில் வரும் மயிற்பொறியை மாணவர் அறிவர். ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், தனக்கு நேரவிருக்கும் கேட்டை அரசி விசயை கண்ட கனவால் உணர்கின்றான். கருவுற்றிருக்கும் அவளைக் காக்கும் பொருட்டுப் பெருந்தச்சன் ஒருவனை அழைத்து, வானில் செல்லும் பொறி ஒன்றைச் செய்யுமாறு பணிக்கின்றான். அவன் துணிக்கிழி, பசை, நூல், அரக்கு, மெழுகு முதலியவற்றைக் கொண்டு ஏழே நாள்களில் ஒரு மயிலைச் செய்து முடிக்கின்றான். விசயை அதனை இயக்கப் பழகுகின்றாள். பொறியை வலப்புறம் திருப்பினால் அது மேகத்தைப் பிளந்து மேலே எழும். இடப்புறம் திருப்பினால் தாழ்ந்திறங்கிக் கால் மடித்து அமரும். பின்னர்க் கட்டியங்காரன் அரண்மனையை முற்றுகையிட, அம்மயிலே அவளைச் சுமந்து சென்று சுடுகாட்டில் இறக்குகின்றது. காப்பியத் தலைவன் அங்கே பிறக்கின்றான்.

இப்பாடல்களைப் பதினெட்டு ஆண்டுகளாக யாம் நடத்தி வருகின்றோம். பொருள்களின் பட்டியலை ஒரே மூச்சில் படித்துவிட்டு, அரசியின் விரலுக்கும் விழிக்கும் புலவர் தரும் அடைகளில் நெடுநேரம் தங்குவது எம் வழக்கம். தேர்வில் வினவப்படுவதும் அதுவே. சில ஆண்டுகளுக்கு முன்னர், கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, பறக்கிற பொறிக்கு நூலும் மெழுகும் எதற்கு?" என்று கேட்டார். "அது காப்பியப் புனைவு. அதற்கெல்லாம் பொருள் தேட வேண்டா" என்று விடை கூறி அமர்த்தினோம். வகுப்பு சிரித்தது. அவர் அமர்ந்தார். பிறகு அவர் எம் வகுப்பில் எந்த வினாவும் எழுப்பியதாக நினைவில்லை.

பரண்மேல் இருந்த பெட்டி

2023ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு வளைகுடா நாட்டிலிருந்து வந்த எம் மைத்துனர், தம் மருமகளாகிய எம் மகளுக்கு ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். அதனுள் மெல்லிய மரத்தகடுகள், கம்பிகள், ஒரு நீண்ட வரைபடம், சிறு மோட்டார், கையில் பிடித்து இயக்கும் கருவி ஆகியன இருந்தன. ஒன்பதாம் வகுப்பில் இருந்த மகள் மகிழ்ந்தாள். "படிப்பு கெடும்" என்று கூறி, அப்பெட்டியைப் பரண்மேல் ஏற்றியவர் யாமே.

அவ்வாண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னையும் சுற்றுப்புறமும் நீரில் மிதந்த நாள்கள் அவை. எம் தெருவிலும் முழங்காலளவு நீர் நின்றது. பள்ளியும் கல்லூரியும் விடுமுறை, மின்சாரம் இல்லை, கைப்பேசியும் ஓய்ந்தது. கீழ்த்தட்டில் இருந்த நூல்களைக் காக்கும் பொருட்டுப் பரணை ஒழித்தபோது, அப்பெட்டி இறங்கிற்று. மகள் எம்மைப் பார்த்தாள். மறுக்க எம்மிடம் காரணம் ஏதும் எஞ்சியிருக்கவில்லை.

வரைபடத்தைக் கூடத்தில் விரித்தோம். ஆங்கிலக் குறிப்புகள் அனைத்தையும் படித்து முடித்தோம், ஒன்றும் விளங்கவில்லை. அகராதி உதவவில்லை. அப்போது கட்டிலில் சாய்ந்திருந்த எம் தந்தையார், "அந்தத் தகட்ட இப்படிக் குடு பாப்பா" என்று மகளிடம் கேட்டு வாங்கினார். கண்ணருகே பிடித்துப் பார்த்தார். நகத்தால் ஒரு கோடு இழுத்தார். முகர்ந்தார். பின்னர், "இது என்ன மரம் தம்பி? மரமா, பஞ்சா?" என்றார்.

எம் தந்தையார் தச்சர். கதவும் சன்னலும் கட்டிலும் செய்து எம்மைப் படிக்க வைத்தவர். பக்கவாதம் வந்தபின் வலக்கை நடுங்கத் தொடங்கிற்று. ஆறு ஆண்டுகளாக அவர் உளியைத் தொட்டதில்லை. அவருடைய கருவிப்பெட்டி படிக்கட்டின் அடியில் கிடந்தது. இங்கே ஒன்றை மறைக்காமல் எழுதுதல் வேண்டும். 1996இல் இளங்கலை வகுப்பில் சேர்வதற்கு யாம் நிரப்பிய படிவத்தில், 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'வணிகம்' என எழுதினோம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அவர். அவ்விடத்தில் அவர் கண் சற்று நின்றதைக் கண்டோம். ஒன்றும் கூறாமல் கையொப்பம் இட்டார். அதன்பின் எம் திருமண அழைப்பிதழிலும் அவர் பெயருக்குப் பக்கத்தில் தொழில் எதுவும் இடம்பெறவில்லை. அவரும் கேட்கவில்லை, யாமும் சொல்லவில்லை.

இலவின் உறவு மரம்

"மரமா, பஞ்சா?" என்று அவர் கேட்ட வினா பொருளற்றது அன்று. பால்சா மரம் நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வெப்பக் காடுகளிலும் இயல்பாக வளர்வது. உலகிற்கு வேண்டிய பால்சாவில் பெரும்பகுதி ஈக்வடார் நாட்டிலிருந்து வருகின்றது. தாவரவியலார் இதனை நம் ஊர் இலவு, பருத்தி, பூவரசு ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தில் வைக்கின்றனர். இலவங்காய் போலவே இதன் காயும் முற்றி வெடித்துப் பஞ்சு தரும். மிக விரைந்து வளர்வதால், நட்ட ஆறு முதல் பத்து ஆண்டுகளுக்குள் வெட்டும் பருவத்தை அடைகின்றது. ஒரு கனமீட்டர் தேக்கு ஏறத்தாழ 650 கிலோ எடையுடையது என்றால், அதே அளவு பால்சா 160 கிலோ அளவே இருக்கும். ஆயினும் தன் எடைக்கு அது தாங்கும் சுமை வியப்பிற்குரியது.

பால்சா என்னும் எசுப்பானியச் சொல்லுக்குத் தெப்பம் என்பது பொருள். 1947இல் நார்வே நாட்டின் தோர் ஹெயர்டால், பால்சாக் கட்டைகளைப் பிணைத்த 'கோன்-டிகி' என்னும் தெப்பத்தில் ஐந்து தோழர்களுடன் பெரு நாட்டிலிருந்து புறப்பட்டு, 101 நாள்களில் பசிபிக் பெருங்கடலின் பாலினேசியத் தீவுகளை அடைந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் பயன்படுத்திய 'மஸ்கிட்டோ' என்னும் போர் வானூர்தியின் உடல், மெல்லிய ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சாவை வைத்துச் செய்யப்பட்டது. மாழைத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. மேசை நாற்காலி செய்துகொண்டிருந்த பட்டறைகள் அவ்வானூர்தியின் உறுப்புகளைச் செய்தன. இச்செய்தியைப் படித்துக் காட்டியபோது தந்தையார் நிமிர்ந்து அமர்ந்தார். "அப்ப பிளேனத் தச்சன்தான் செஞ்சிருக்கான்" என்றார். அன்று மாலை படிக்கட்டின் அடியிலிருந்து கருவிப்பெட்டியை எடுத்துவருமாறு மகளிடம் கூறினார்.

எழுபது நாள் பாடம்

யாம் செய்தது பயில்வோர்க்கென வகுக்கப்பட்ட மாதிரி. இறக்கை உடலின் மேலே அமையும். ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 142 சென்டிமீட்டர்; அகலம் 24 சென்டிமீட்டர். இறக்கையின் இரு பாதிகளும் நடுவிலிருந்து நுனியை நோக்கிச் சற்றே மேல்நோக்கி உயர்ந்திருக்கும். ஊர்தி ஒருபக்கம் சாய்ந்து சறுக்கினால், தாழ்ந்த இறக்கை மிகுதியான தூக்குவிசை பெற்றுத் தானே நிமிர்வதற்காக அவ்வமைப்பு.

இறக்கையின் அமைப்பு மீனின் முள்ளை ஒத்தது. நீளவாட்டில் முதுகெலும்பு போல ஒரு சட்டம். அதன் குறுக்கே இருபத்திரண்டு விலாத் தகடுகள். முன்விளிம்பில் உருண்ட சட்டம். பின்விளிம்பில் கூர்த்த சட்டம். தகடுகளை முன்கூட்டியே வெட்டிப் பலகையோடு சிறு கண்ணிகளால் நிற்குமாறு விட்டிருந்தனர். யாம் அவற்றைக் கையால் பிய்த்தோம்; மூன்று உடைந்தன. தந்தையார் இடக்கையால் கத்தியின் நுனியை வைத்து, "நார் ஓடுற பக்கம் வெட்டு பாப்பா. நாரோடு சண்டை போடாத" என்று மகளுக்குக் காட்டினார். அவள் கை பிறழாமல் வெட்டிற்று. பேச்சில்லாமல் கற்பிப்பதை அன்றுதான் அருகிருந்து கண்டோம்.

வரைபடத்தின்மேல் வைத்தே ஒட்டுதல் வேண்டும். பசை கசிந்தால் மரம் தாளோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு என் செய்வது என யாம் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, தந்தையார் மின்வெட்டுக்காக ஏற்றிவைத்திருந்த மெழுகுவத்திகளில் ஒன்றை எடுத்து, ஒட்டும் இடங்களில் தாளின்மேல் தேய்த்தார். பசை பற்றவில்லை. எம் கையிலிருந்த குறிப்பேட்டைக் கீழே வைத்தோம். மெழுகு! பதினெட்டு ஆண்டுகள் யாம் ஒரே மூச்சில் கடந்துபோன சொல் அன்று தாளின்மேல் வெண்மையாகக் கிடந்தது.

அடுத்து நூல் வந்தது. சக்கரங்களைத் தாங்கும் எஃகுக் கம்பியை மரத்தில் ஆணி அடித்துப் பொருத்த இயலாது, மென்மரம் பிளக்கும். கம்பியை மரத்தோடு சேர்த்து வலிய நூலால் நெருக்கமாகச் சுற்றி, நூலின்மேல் பசை பூசுதல் வேண்டும். அவ்வாறே கிழியும் வந்தது. எலும்புக்கூடாக நிற்கும் இறக்கைக்கு மேற்போர்வை வேண்டும். முற்காலத்தில் மென்பட்டையோ மெல்லிய தாளையோ போர்த்து, அதன்மேல் அரக்கு நெய்யை ஒத்த பூச்சைத் தடவி இறுகச் செய்வர். இக்காலத்தில் சூடேற்றினால் சுருங்கும் நெகிழித் தாளைத் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டுகின்றனர். கிழி, பசை, நூல், அரக்கு, மெழுகு என்று சிந்தாமணி கூறிய பொருள்கள் அத்தனையும் எம் கூடத்தில் கிடந்தன. திருத்தக்கதேவர் பறக்கும் மயிலைக் கண்டிருந்தார் என்று யாம் கூறவில்லை. எடை குறைந்த பொறி ஒன்றைச் செய்யும் தச்சனின் அருகே நின்று, அவன் கையை நோக்கியவர் அவர் என்று கூறத் துணிகின்றோம். புனைவு மயிலில் இருக்கலாம், மெழுகில் இல்லை.

உ. வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிடுவதற்கு முன், அதன் சமயப் பொருள் விளங்காத இடங்களுக்குக் கும்பகோணத்தில் இருந்த சமண அன்பர்களின் இல்லம் தேடிச் சென்று கேட்டறிந்தார். ஒரு நூலின் பொருள் அந்நூலோடு வாழ்வோரிடம் இருக்கின்றது என்பதை உணர்ந்த பெரியார் அவர். மயிற்பொறிப் பாடலின் பொருள் எம் வீட்டுக் கட்டிலிலேயே சாய்ந்திருந்தது. யாம் கேட்கவில்லை.

டிசம்பர்க் குளிரில் மரம் ஈரத்தை உறிஞ்சி வளைந்தது. காய்ந்தபின்னரும் வளைவு நிற்கும் என்று தந்தையார் எச்சரித்தார். இறக்கையைச் சமமான பலகையில் கிடத்திப் பாரம் ஏற்றுதல் வேண்டும். எம் வீட்டில் பாரத்திற்கு உரியவை நூல்களே. சிந்தாமணி உரைப்பதிப்பும் பேரகராதித் தொகுதிகளும் மூன்று இரவுகள் இறக்கையின்மேல் கிடந்தன. அவற்றை இத்துணைப் பயனுற யாம் முன்னர்ப் பயன்படுத்தியதில்லை என்று மகள் கூறினாள், மறுக்கவில்லை.

உடலுக்குள் அமையும் கருவிகள் மகளின் பொறுப்பு. கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செல்லும் கட்டளையை ஊர்தியிலுள்ள ரிசீவர் பெறுகின்றது. அது சர்வோ எனப்படும் தீப்பெட்டியளவு மோட்டார்களை அசைக்க, அவை கம்பிகளை இழுத்து வாலையும் இறக்கையின் ஓரங்களையும் திருப்புகின்றன. கம்பியின்றி அலைகளால் ஒரு கலத்தை இயக்கலாம் என்பதை நிக்கோலா டெஸ்லா 1898இலேயே நியூயார்க்கில் ஒரு சிறு படகைக் கொண்டு காட்டினார். வலவன் இன்றி வானில் செல்லும் ஊர்தியைப் பற்றிப் புறநானூற்றின் 27ஆம் பாடல் பேசுவதை மகளுக்குக் கூறினோம். "அதுக்கு ரிமோட் யார் கையில் அத்தா?" என்று கேட்டாள். இம்முறை வினாவை அமர்த்தவில்லை. புலவர் பாடும் புகழுடையோர் தம் வினை முடித்தபின் ஏறும் ஊர்தி அது என்று விளக்கினோம். அருகில் இருந்த தந்தையார் உப்புத்தாளால் வாலின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். புலவர் யாரைப் பாடுவர், யாரைப் பாடார் என்ற எண்ணம் எமக்குள் நெடுநேரம் நின்றது. சிந்தாமணியிலும் அவன் பெருந்தச்சன் மட்டுமே. அவனுக்குப் பெயர் இல்லை.

வால் கனத்த கதை

ஊர்தி முடிந்தது. வரைபடம் கூறிய எடை 1,150 கிராம். எம்முடையது 1,290 கிராம். மிகுதி 140 கிராமில் பெரும்பகுதி யாம் வாலில் பூசிய பசை. உறுதி வேண்டும் என்று மேலும் மேலும் பூசினோம். போதாக்குறைக்கு, வாலின் இருபுறமும் நம் கல்லூரிக் கொடியின் நிறத்தில் தடித்த வண்ணமும் தீட்டினோம்.

வானூர்திக்கு நடுநிலைப் புள்ளி ஒன்று உண்டு. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 75 மில்லிமீட்டர் பின்னே இரு விரல் நுனிகளால் தாங்கினால், ஊர்தி சமமாக நிற்றல் வேண்டும் என்று குறிப்பு கூறிற்று. எமது ஊர்தி 93 மில்லிமீட்டரில்தான் நின்றது. தந்தையார் அளவுகோல் கேட்கவில்லை. விரலில் ஏந்தியதும், "வால் கனக்குது தம்பி" என்றார். மூக்கில் ஈயம் வைத்தால் சரியாகும் என்றும் கூறினார். மேலும் எடை கூட்டுவதா என எண்ணினோம். 18 மில்லிமீட்டர்தானே என்றும் எண்ணினோம். முனைப்பு என்று அதற்குப் பெயர்.

எங்கே பறக்கவிடுவது என்ற வினாவும் இருந்தது. பட்டாபிராமும் ஆவடியும் படைத்துறை நிலையங்கள் சூழ்ந்த ஊர்கள்; இங்கே விளையாட்டு ஊர்தியை வானில் ஏற்ற எண்ணுவதே முறையன்று. ஆளில்லா வானூர்திகளுக்கான 2021ஆம் ஆண்டு விதிகள் நாட்டின் வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பகுத்துள்ளன. அரசின் வரைபடத்தைப் பார்த்துப் பச்சைப் பகுதி என உறுதி செய்துகொண்டு, வந்தவாசிக்கு அருகே எம் மைத்துனர் ஊரில் அறுவடை முடிந்த வயலைத் தேர்ந்தோம். கணினியில் பறத்தலைப் பழகும் விளையாட்டில் மகள் ஒரு மாதம் பயின்றிருந்தாள். தேசிய மாணவர் படையின் வான் பிரிவில் வானூர்தி மாதிரி கட்டுவதும் ஒரு பயிற்சி. அப்பிரிவில் பயின்ற எம் பழைய மாணவர் ஒருவர், தாம் வரும்வரை பொறுக்குமாறு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வருவதற்கு மறுவாரம் ஆகும். யாம் பொறுக்கவில்லை.

2024 பிப்ரவரியில் ஒரு காலை. ஊர்தி வரப்பை ஒட்டிய மண்பாதையில் ஓடிற்று, எழுந்தது. எம் மூவர் வாயிலிருந்தும் ஓர் ஒலி எழுந்தது. மறுகணம் மூக்கு வானை நோக்கி நிமிர்ந்தது. மகள் தாழ்த்தத் தாழ்த்த அது மேலும் நிமிர்ந்தது. வேகம் இழந்து, ஒருபக்கமாகச் சரிந்து, சுழன்று, வயலில் வீழ்ந்தது. எழுந்ததிலிருந்து வீழ்ந்தது வரை பத்து நொடிகள் இருக்கலாம். இடப்பக்க இறக்கை முறிந்து போயிற்று.

மகள் அழுதாள். தன் பிழை என்று எண்ணினாள். "அது உன் பிழை அன்று; தாத்தா சொன்னதை யாம் கேட்கவில்லை" என்று அவளிடம் கூறுவதற்கு எமக்குச் சற்று நேரம் வேண்டியிருந்தது. கூறினோம். தந்தையார் எம்மைப் பார்க்கவில்லை; துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் என்னும் அறிஞரின் வரலாறு எம் நினைவிற்கு வந்தது. இறகு போர்த்து இறக்கை கட்டிச் சிறிது தொலைவு பறந்த அவர், இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்றும், பறவை வாலைக் கொண்டே இறங்குகின்றது என்பதை அறியாமல் தமக்கு வால் அமைக்காது விட்டதே காரணம் என்றும் 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதியுள்ளார். அவருக்கு வால் இன்மையால் இடர். எமக்கு வால் மிகுந்தமையால் இடர். அவர் தமக்கு முன் எவரும் செய்யாததைச் செய்து வீழ்ந்தார். எமக்கோ அருகிலேயே சொல்லித்தர ஒருவர் இருந்தார்.

ஒட்டு

பட்டாபிராம் திரும்பினோம். முறிந்த சட்டத்தை நேருக்கு நேர் ஒட்டினால் நில்லாது. இரு முனைகளையும் நீண்ட சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு பொருத்தினால் பசை பற்றும் பரப்பு மிகும். விசை ஒரே இடத்தில் தங்காது. தந்தையார் உளியை வலக்கையில் எடுத்தார். கை நடுங்கிற்று. யாம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டோம். இன்ன இடத்தில் அழுத்து, இன்ன இடத்தில் விடு என்று அவர் கூறக்கூற, எங்கள் இருவர் கையும் ஒரு கையாகி அச்சாய்வைச் சீவின. நாற்பத்தைந்து அகவையில் எம் தந்தையாரின் தொழிலை முதன்முறையாகத் தொட்டோம்.

வாலில் யாம் தீட்டிய வண்ணத்தைச் சுரண்டினோம். மிகுதிப் பசையை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தோம். பேட்டரியை முன்னே நகர்த்தினோம். மீதிக்குத் தூண்டில் ஈயக் குண்டுகள் சில மூக்கினுள் அமர்ந்தன. 75 மில்லிமீட்டரில் ஊர்தி விரல் நுனியில் அசையாமல் நின்றது.

பழைய மாணவர் வந்தார். மார்ச்சு மாதத்தில் அதே வயலில், முதலில் அவர் ஏற்றி நிலைப்படுத்திப் பின்னர்க் கருவியை மகளிடம் தந்தார். ஊர்தி எம்மைவிட்டு விலகிச் செல்லும்போது வலம் வலமாகவே இருக்கும்; எம்மை நோக்கி வரும்போது வலம் இடமாகவும் இடம் வலமாகவும் மாறிவிடும். கற்பார் பலர் தடுமாறுவது அங்கேதான். மகள் தடுமாறவில்லை, ஊர்தியினுள் தான் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வதாகக் கூறினாள். இடர் வருமுன்னரே விசயைக்குப் பயிற்சி அளித்த சச்சந்தனின் முன்னறிவு அப்போது எமக்கு விளங்கிற்று. ஏழு நிமிடங்கள் அம்மரப்பறவை வயலைச் சுற்றி வந்தது. பின்னர்த் தாழ்ந்து, மண்பாதையில் இருமுறை துள்ளி நின்றது.

தந்தையார் மெல்ல நடந்து சென்று குனிந்தார். இறக்கையின் ஒட்டை நகத்தால் தடவிப் பார்த்தார். "ஒட்டு நிக்குது" என்றார். வேறொன்றும் கூறவில்லை.

மாணவச் செல்வங்களுக்கு

நம் டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்கள், 1999இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில், தம் தந்தையார் இராமேசுவரம் கடற்கரையில் உறவினர் ஒருவரின் துணையோடு மரப்படகு கட்டியதைச் சிறுவயதில் பார்த்துக்கொண்டிருந்ததை எழுதியுள்ளார். யாத்திரிகரைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் சென்று வந்த அப்படகைப் புயல் கொண்டுபோயிற்று. பின்னாளில் சென்னைக் குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கல்லூரியில் வானூர்திப் பொறியியல் பயின்று, ஏவுகணைகளைச் செய்தவர் அவர். உலகம் போற்றிய நிலையிலும், மரம் இழைத்த தந்தையின் கையை முதல் பக்கங்களில் வைத்து எழுதினார். யாம் ஒரு படிவத்தின் ஒரு வரியில்கூட எழுதவில்லை.

நூலறிவு சிறியது என்று கூறுவதற்காக இதனை எழுதவில்லை. அது எம் வாழ்வு, எம் உணவு. ஆயின், நூலில் உள்ள சொல் ஒவ்வொன்றின் பின்னும் யாரோ ஒருவருடைய கை இருக்கின்றது. உங்களுள் பலர் தச்சரின், தையற்காரரின், தோல் பதனிடுவோரின், மீன் பிடிப்போரின் மக்கள். உங்கள் இல்லத்தில் வழங்கும் தொழிற்சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எம் வகுப்பிற்கு அவற்றைக் கொண்டுவாருங்கள். இப்போது மயிற்பொறிப் பாடலை நடத்தும் நாளில், உடைந்துபோன விலாத் தகடு ஒன்றையும் ஒரு மெழுகுவத்தியையும் யாம் எடுத்துச் செல்கின்றோம். கடைசி வரிசையில் அன்று எழுந்து கேட்ட அம்மாணவர் இம்மலரைக் காண நேர்ந்தால், அவர் வினாவிற்கு உரிய விடை இதுவே என ஏற்றுக்கொள்வாராக. காலம் தாழ்த்தியமைக்குப் பொறுத்தருள்வாராக.

ஊர்தி இப்போது எம் முன்னறையில், உத்தரத்திலிருந்து தொங்குகின்றது. செய்தவர் பெயரை இறக்கையின் அடியில் எழுத வேண்டும் என்று மகள் கூறினாள். எழுதுகோலை எம்மிடம் நீட்டினாள். எம் தந்தையாரின் பெயரை எழுதினோம். அதன் பக்கத்தில் 'தச்சர்' என்று எழுதினோம். கட்டிலில் படுத்தபடியே அண்ணாந்து நோக்கினால் அது தெரியும். எழுத்துக்கூட்டிப் படிக்க அவருக்குச் சிறிது நேரம் ஆயிற்று.